ஜாக்பாட் மெஷின விட முடியலையா? இப்படி செஞ்சு பாருங்க

காரைக்குடி, தேவகோட்டை பக்கத்துலேர்ந்து சிங்கப்பூர் போன பசங்கள்ல சிலர் சம்பளம் வந்ததும் கேசினோல ஜாக்பாட் மெஷின் முன்னாடி உக்காந்துடுறாங்க. மொதல்ல ஒண்ண மண்டைல ஏத்திக்கங்க, மெஷினுக்கு ஞாபகமே கிடையாது, ஒவ்வொரு சுத்தும் தனி, "இவ்ளோ போட்டாச்சு இனி விழும்"ங்கிறதெல்லாம் சும்மா. ரெண்டு செவன் வந்து மூணாவது ஜஸ்ட்ல மிஸ் ஆகுதுல்ல, அதுவும் தோல்விதான், ஆனா மூளைக்கு ஜெயிக்கப்போறோம்னே தோணும். 1 டாலர் போட்டு 40 சென்ட் வந்தாலும் லைட்டும் மியூசிக்கும் போடும் பாருங்க, அது 60 சென்ட் நட்டம்யா! எப்ப விழும்னு தெரியாததாலதான் கை நிக்க மாட்டேங்குது, ஸ்கின்னர்ங்கிற உளவியல் நிபுணர் புறாவ வச்சு காட்டுனதும் இதத்தான்.

அதனால நம்மூரு செட்டியாருக மாதிரி பற்று வரவு எழுதுங்க, ஜெயிச்சத மட்டும் இல்ல, போட்டதையும். சம்பளத்தன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிடுங்க (எனக்கு இதுதான் பெஸ்ட்னு தோணுது). சிங்கப்பூர்ல சூதாட்டப் பிரச்சினைக்குன்னு இருக்குற என்சிபிஜி (NCPG) கவுன்சில்ல செல்ஃப் எக்ஸ்க்ளூஷன், அதாவது 'என்ன உள்ள விடாதீங்க'ன்னு நாமளே எழுதிக் கொடுத்தா கேசினோக்குள்ள விடமாட்டாங்க, வெளிநாட்டுக்காரங்களும் கொடுக்கலாம். ஊர்ல இருந்தா அரசாங்கத்தோட மனநல ஹெல்ப்லைன் டெலி மானஸ் 14416, தமிழ்லயே பேசலாம். ஆச்சிகளா, பாவம்னு பையனோட கடன மட்டும் சத்தமில்லாம அடைச்சு விட்டுடாதீங்க, அடுத்த மாசம் திரும்ப அங்கதான் போய் நிப்பான்.