வெட்டிய பின் வரும் துளிரைப் பாருங்கள்

யாழ்ப்பாணத்துப் புன்னாலைக்கட்டுவனில் வீட்டுக்குப் பின்னால் இரண்டு பரப்புக் காணியில் சீஓ-3 என்ற தீவனப் புல் வைத்திருக்கிறேன். மூன்று பசுக்களுக்கும் நாலு ஆடுகளுக்கும் அதுதான் சோறு. பங்குனி வெயிலில் அது குறைந்தால் பூவரசங்குழைக்கும் பனையோலைக்கும் அலைய வேண்டும். ஆகவே ஒரு தூர் மஞ்சளானாலும் எனக்கு வயிறு கலங்கும். அந்தக் கலக்கத்தில் ஒருமுறை, நோய் என்று எண்ணி, ஆறு நல்ல தூர்களை வீணாகப் பிடுங்கிப் போட்டேன். பூச்சி பரப்பும் நோயையும் வெறும் மஞ்சளையும் எப்படிப் பிரித்தறிவது என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

பூச்சி கொண்டுவரும் பற்றீரியா நோயை நீங்கள் ஏற்கெனவே பார்த்திருப்பீர்கள். கத்தரிச் செடி ஒன்று காய்க்காமல், சின்னஞ்சிறு இலைகளைக் கொத்துக் கொத்தாக விட்டு நிற்குமே, அது. எள்ளில் பூ வரவேண்டிய இடத்தில் பச்சை இலைக்கொத்து வருமே, அதுவும்தான். இரண்டுக்கும் காரணம் பைற்றோபிளாஸ்மா என்ற, கலச்சுவர் இல்லாத ஒருவகைப் பற்றீரியா. செடிக்குள் உணவுச்சாறு ஓடும் குழாய்களில் அது வாழ்கிறது. சாறு உறிஞ்சும் தத்தி என்ற சிறு பூச்சி அதை ஒரு செடியில் எடுத்து, சில கிழமைகள் தன் உடம்புக்குள் பெருகவிட்டு, பிறகு சாகும்வரை பரப்பிக்கொண்டு திரியும். 1967இல் ஜப்பானியர் இலத்திரன் நுணுக்குக்காட்டியில் காணும்வரை இந்த நோய்களை வைரஸின் வேலை என்றே எண்ணியிருந்தார்கள்.

நேப்பியர் என்ற தீவனப் புல்லுக்கும் இப்படி ஒரு நோய் உண்டு. கென்யா, உகண்டா, எத்தியோப்பியா நாடுகளில் பால்மாடு வளர்ப்பவர்களைப் படாத பாடு படுத்துகிற குட்டை நோய் அது. நம்முடைய சீஓ-3 நேப்பியரும் கம்பு என்ற தானியப் பயிரும் கலந்த இனம். அந்த நோயின் முகத்தை நாமும் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

ஆளுயரம் நிற்கும் புல்லில் தேடாதீர்கள், அதில் நோய் ஒளிந்திருக்கும். வெட்டிய பிறகு வரும் துளிரில்தான் அது வெளிப்படும். நான் வெட்டி இரண்டு, மூன்று கிழமைகளில், வெயில் ஏறுமுன் வரிசை வரிசையாக நடப்பேன். பக்கத்துத் தூர் இடுப்பளவு வந்திருக்க ஒன்று மட்டும் முழங்காலுக்குக் கீழே நிற்கிறதா? இலை ஒடுங்கி, குறுகி, வெளிறிய மஞ்சளாக இருக்கிறதா? கணுக்கள் நெருங்கி, வேண்டாத அளவுக்குக் கிளைத்து, விளக்குமாறு போல் தெரிகிறதா? இவை மூன்றும் ஒரே தூரில் கூடினால் ஒரு தடி நட்டு அடையாளம் வைப்பேன். அடுத்த வெட்டில் அது இன்னும் மோசமானால் சந்தேகம் வலுக்கும். அந்த நோய் கண்ட தூர் வெட்ட வெட்டச் சிறுத்துக் கடைசியில் செத்துப் போகும்.

மஞ்சள் எல்லாம் நோயல்ல, நான் ஏமாந்ததும் இங்கேதான். எங்கள் செம்மண் சுண்ணாம்புக்கல்லின் மேல் கிடக்கிறது. இரும்புச்சத்து மண்ணில் இருந்தாலும் வேருக்கு எளிதில் கிட்டாது. அப்போது இளம் இலைகளில் நரம்பு பச்சையாகவும் இடைவெளி மஞ்சளாகவும் கோடு கோடாகத் தெரியும். என் தோட்டத்தில் ஒரு மூலை முழுக்க அப்படி வந்தது. விவரம் தெரிந்த ஒருவர் எட்டிப் பார்த்து, “வைரஸ், பிடுங்கு” என்றார். ஆறு தூர் பிடுங்கியபின் கை சலித்தது. மிஞ்சியவற்றுக்கு, ஒரு லீற்றர் தண்ணீரில் ஐந்து கிராம் பெரஸ் சல்பேற் என்ற இரும்பு உப்பைக் கரைத்து மாலையில் இலை நனையத் தெளித்தேன். பத்து நாளில் பச்சை திரும்பியது. பைற்றோபிளாஸ்மாவாக இருந்திருந்தால் திரும்பியிராது.

நைதரசன் குறைந்தால் அடியிலைகள்தான் முதலில், நுனியிலிருந்து நடுநரம்பு வழியாக மஞ்சளாகும். நடுக்குருத்து மட்டும் காய்ந்து, இழுத்தால் கையோடு வந்தால் தண்டுதுளைப்பான். ஒரு மூலையோ தாழ்வான பகுதியோ மொத்தமாக வாடினால் மண்ணையும் தண்ணீரையும் பாருங்கள். நல்ல தூர்களுக்கு நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாக வருவதுதான் எனக்குப் பயம்.

தத்தி இருக்கிறதா என்று பார்க்கப் பழைய வெள்ளை வேட்டி போதும். தூரின் அடியில் விரித்து இலைகளைத் தட்டுங்கள். நெல்லை விடச் சிறிய, கூரை போல் சிறகு மடித்த பூச்சி, தொட்டால் நண்டு போல் பக்கவாட்டில் நகர்ந்து துள்ளும். அதைக் கண்டதும் மருந்தடிக்க ஓடவேண்டாம். தத்தி இருப்பது நோய்க்குச் சாட்சியாகாது. நோய் தெரிந்தபின் மருந்தடித்தாலும் தூருக்குள் போனது வெளியே வராது.

 

கண்ணால் சந்தேகப்படத்தான் முடியும், மரபணுச் சோதனைதான் உறுதி சொல்லும். உரமும் தண்ணீரும் இரும்பும் கொடுத்து ஒரு வெட்டுக் காத்திருந்தும் தேறாத தூரை விவசாயப் போதனாசிரியருக்குக் காட்டுங்கள். பிடுங்குவதானால் வேரோடு கிளறி எடுங்கள். இலையை மாட்டுக்குப் போடலாம், அந்தக் கிருமி மாட்டைத் தொடாது. தண்டையும் வேரையும் வெயிலில் காயவிட்டு எரிக்கிறேன்.

பூச்சியை விடக் கெட்டி நாம்தான், நடுவதற்கு வெட்டும் தண்டோடு நோயை ஊர் ஊராகக் கொண்டுபோவோம். போன மாதம் நீர்வேலி மச்சாள் நடுவதற்குத் தண்டு கேட்டு வந்தாள். புல் ஆளுயரம் நின்றது. “இப்போது வேண்டாம், வெட்டி மூன்றாம் கிழமை வா, துளிரைப் பார்த்து எந்தத் தூரில் எடுக்கலாம் என்று குறித்து வைப்போம், முற்றியதும் கொண்டு போ” என்றேன். கொஞ்சம் முகம் கோணினாள், ஆனால் வந்தாள்.