பேச்சு வராத பிள்ளைக்குப் பழைய போனைத் தயார் செய்வது எப்படி

நீலகிரி மலையில் கோத்தகிரியைச் சுற்றியுள்ள ஊர்களில் வீடு வீடாகப் போய்ச் சொல்லித்தரும் சிறப்பாசிரியர் நான். பிள்ளைக்குப் பதிலாகப் பேசும் ஆப்களில் "எந்த ஆப் நல்லது டீச்சர்?" என்றுதான் பெற்றோர் முதலில் கேட்பார்கள். "வீட்டில் பழைய போன் ஏதாவது கிடக்கிறதா?" என்பது என் பதில். திரை கீறியிருந்தால் பரவாயில்லை, ஸ்பீக்கர் நன்றாக இருக்க வேண்டும். அம்மாவின் போனையே பிள்ளைக்கும் வைத்துக்கொண்டால் சரிப்படாது. அவர் காலையில் இலை பறிக்கக் கிளம்பும்போது பிள்ளையின் வாயும் கூடவே கிளம்பிவிடும்.

முதலில் போனைக் காலி செய்யுங்கள். கேம் எல்லாம் போகட்டும். யூடியூப் அழியாவிட்டால் டிஸேபிள் செய்யுங்கள். அப்புறம் செட்டிங்ஸில் 'டெக்ஸ்ட் டு ஸ்பீச்' என்று தேடி, தமிழ்க் குரலை வைஃபை உள்ள இடத்திலேயே இறக்கிவிடுங்கள். இதைச் செய்யாமல் டவர் எட்டாத பள்ளத்து வீட்டுக்குக் கொண்டுபோனால் போன் வாயே திறக்காது. நான் ஒருமுறை கீழ்கோத்தகிரி பக்கம் மினிபஸ்ஸில் போய் இறங்கி, அசடு வழியத் திரும்பியிருக்கிறேன். கடைசியாக 'ஆப் பின்னிங்' வசதியைப் போட்டுவிட்டால், பிள்ளை எங்கே தட்டினாலும் அந்த ஒரு ஆப்பை விட்டு எளிதில் வெளியே போகாது.

ஆப் என்றால், படத்தைத் தொட்டால் சொல்லைப் பேசும் வகை. சென்னையில் உருவான ஆவாஸில் தமிழ் உண்டு, ஆனால் சோதனைக் காலம் முடிந்தால் காசு கட்ட வேண்டும். இலவசம் வேண்டுமென்றால் சீபோர்டு இருக்கிறது. தனியாகப் படங்கள் தேவைப்பட்டால், ஸ்பெயினில் அரகோன் மாநில அரசு வெளியிடும் அராசாக் தளத்தில் ஆயிரக்கணக்கில் கிடைக்கும். வியாபாரத்துக்கு இல்லையென்றால் இலவசம்.

இனிதான் விஷயமே. எஸ்டேட் லைன் வீட்டில் ஒன்பது வயதுப் பையன் ஒருவனுக்கு முதல் நாளே நாற்பது படங்கள் போட்டுக் கொடுத்தேன். ஆப்பிள், யானை, கார், பந்து என்று அழகாக இருந்தது. இரண்டு வாரம் அவன் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவனுடைய பாட்டிதான் சொன்னார்: "அவனுக்கு வர்க்கி வேணும் டீச்சர், இதுல வர்க்கியே இல்லையே." வர்க்கி என்பது எங்கள் மலையில் டீக்குத் தொட்டுக்கொள்ளும் மொறுமொறு பிஸ்கட். டீயில் தோய்த்த வர்க்கி இல்லாமல் அவனுக்குப் பொழுது விடியாது. அராசாக்கில் அதற்கெல்லாம் படம் கிடையாது. அவன் வீட்டுத் தட்டிலேயே வைத்து நான் ஒரு போட்டோ எடுத்துப் போட்டேன். மற்றதை எல்லாம் அழித்து ஆறே படம் வைத்தேன்: வர்க்கி, டீ, இன்னும், போதும், வேண்டாம், வெளியே. மூன்றாம் நாள் 'இன்னும்' கேட்டான். அவன் வயிறு என்ன ஆனது என்று பாட்டியைத்தான் கேட்க வேண்டும்.

'வேண்டாம்', 'போதும்' இரண்டையும் விட்டுவிடாதீர்கள். கேட்க மட்டும் தெரிந்து மறுக்கத் தெரியாத பிள்ளை, வேறு வழியில்லாமல் கடிக்கும், கத்தும். படம் எந்தக் கட்டத்தில் இருக்கிறதோ அங்கேயே இருக்கட்டும். புதிய சொல் வரும்போது காலிக் கட்டத்தில் போடுங்கள், பழையதை நகர்த்தாதீர்கள். கை அந்த இடத்தைத்தான் நினைவில் வைத்திருக்கும். "எங்கே, டீயைத் தொடு பார்ப்போம்" என்று பரீட்சை வைக்காதீர்கள். நீங்கள் பேசும்போது நீங்களே தொட்டுப் பேசுங்கள். பகலெல்லாம் பிள்ளையோடு இருப்பது யாரோ அவருக்குத்தான் முதலில் சொல்லித்தர வேண்டும். எங்கள் பக்கம் அது பெரும்பாலும் பாட்டி.

நீலகிரியின் படுகர்கள் பேசும் மொழி படுகு. அது பேசும் வீடுகளில் இன்னொரு சங்கதி. போனின் குரலுக்குத் தமிழ் வரும், படுகு வராது. ஒரு ஹட்டியில், அதாவது படுகர் ஊரில், ஒரு சிறுமி 'தண்ணீர்' என்று போன் சொன்னால் சட்டை செய்ய மாட்டாள். அவளுடைய அக்காவின் குரலில் 'நீரு' என்று பதிவு செய்து அந்தப் படத்தோடு சேர்த்தோம். அதன்பிறகு அவளே தொட ஆரம்பித்தாள். சொந்தக் குரலைப் பதியும் வசதி இருக்கிறதா என்று ஆப்பை இறக்கும் முன்பே பாருங்கள்.

"இதைக் கொடுத்தால் பேச வேண்டியதும் பேசாமல் போய்விடுவானோ" என்று பயப்படாத பெற்றோரை நான் பார்த்ததில்லை. சைகை, படம் போன்ற மாற்று வழிகளில் பழகிய 27 பேரைப் பற்றிய ஆய்வு விவரங்களை 2006-இல் அலசிப் பார்த்தார்கள். ஒருவருக்கும் பேச்சு குறையவில்லை, பத்தில் ஒன்பது பேருக்குக் கொஞ்சமாவது கூடியிருந்தது.

மலைக்கென்றே சில தொல்லைகள் உண்டு. ஈரக் கையைத் திரை சரியாக உணராது, பக்கத்தில் ஒரு துண்டு இருக்கட்டும். ஜூன், ஜூலையில் மரம் விழுந்தால் கரண்ட் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. அதனால் அதே ஆறு படங்களை அதே வரிசையில் அச்சடித்து, லேமினேட் செய்து சுவரில் மாட்டுங்கள். வெல்க்ரோ ஒட்ட வேண்டாம். பனிமூட்டத்தில் பசை விட்டுவிடுகிறது, தைத்துவிடலாம்.

மற்ற பிள்ளைகளுக்கு வேறு கருவிகள். பார்வையில்லாத பிள்ளைக்குப் பழைய லேப்டாப்பில் என்விடிஏ போடுங்கள், திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் மென்பொருள். ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற ஒருவர் 2006-இல் தொடங்கியது, இலவசம். அதன் தமிழ்க் குரல் தகரத்தைத் தட்டுவது போலத்தான் இருக்கும், பழகிவிடும். காது கேளாதவருக்கு லைவ் டிரான்ஸ்கிரைப் என்ற ஆப் பேச்சைத் தமிழ் எழுத்தாகக் காட்டும், இரைச்சலான வகுப்பில் தடுமாறும். வாசிப்பில் திணறுகிறவர்களுக்கென்று சொல்லப்படும் ஓப்பன்டிஸ்லெக்சிக் எழுத்துருவைத் தேடி அலையாதீர்கள், அது ஆங்கில எழுத்துகளுக்கானது. தமிழுக்கு எழுத்தைப் பெரிதாக்கி, வரிகளுக்கு இடைவெளி விட்டு, வரிக்குக் கீழே ஒரு அட்டையை நகர்த்திக்கொண்டே போனால் போதும்.

கடைசியாக ஒன்று. மாதம் ஒருமுறை படப்பலகையை பேக்கப் எடுத்து என் போனுக்கோ, உங்கள் வட்டார வள மைய ஆசிரியருக்கோ அனுப்பி வையுங்கள். வர்க்கிப் பையனின் போன் சென்ற ஆடியில் தண்ணீர் டிரம்மில் விழுந்தது. நான்கு மாத வேலையை மறுபடியும் ஆறு படத்திலிருந்து தொடங்கினோம்.