கோப்பு வடிவத்துக்கு ஒரு பக்க விளக்கம் எழுதுவது எப்படி: எஸ்ஆர்டி சப்டைட்டிலை வைத்து

கட்டற்ற மென்பொருள்களுக்குப் பயனர் கையேடு ஓரளவு கிடைத்துவிடும். அந்த மென்பொருள் படிக்கும் கோப்பு உள்ளே எப்படி இருக்க வேண்டும் என்று கேட்டால்தான் கையை விரிப்பார்கள். ஒன்று, நூற்றுக்கணக்கான பக்கங்களில் தரநிலை ஆவணம்; இல்லையென்றால் 'மூலநிரலைப் பாருங்கள்' என்ற பதில். வீடியோவுக்கான சப்டைட்டில் வசனங்களை வைக்கும் எஸ்ஆர்டி கோப்பு விஷயத்தில் தரநிலைகூடக் கிடையாது. சப்ரிப் என்ற மென்பொருளிலிருந்து பழக்கத்தில் பரவிய வடிவம் அது. விஎல்சி, எம்பிவி, எஃப்எஃப்எம்பெக் போன்ற வீடியோ மென்பொருள்கள் எல்லாம் படிக்கின்றன, ஆனால் பிழையான கோப்பு வந்தால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக நடந்துகொள்ளும். புதிதாகச் சப்டைட்டில் போட வருகிறவருக்கு ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தால் பாதிச் சிக்கல் தீரும்.

வரையறையில் தொடங்காதீர்கள். அப்படியே நகலெடுத்து ஓட்டிப் பார்க்கக்கூடிய முழுக் கோப்பு ஒன்றை முதலில் வையுங்கள்:

1
00:00:05,200 --> 00:00:07,900
அண்ணே, பஸ் எத்தனை மணிக்கு?

2
00:00:08,100 --> 00:00:11,000
ஏழரைக்கு ஒண்ணு இருக்கு.
அதை விட்டா ஒன்பதரைதான்.

எண், நேரம், வசனம் மூன்றும் சேர்ந்தது ஒரு தொகுதி. மாதிரியில் குறைந்தது இரண்டு தொகுதிகள் வேண்டும். ஒன்றே இருந்தால் நடுவில் வெற்று வரி கட்டாயம் என்பது வாசகர் கண்ணில் படாது. இரண்டாவதில் வசனம் இரண்டு வரியாக இருப்பதும் காரணத்தோடுதான்: வரியை உடைக்கலாமா என்ற கேள்விக்குத் தனியாக ஒரு பத்தி எழுத வேண்டியதில்லை.

அடுத்து, மேலிருந்து கீழாக வரிக்கு ஒரு விளக்கம் போதும். முதல் வரி வரிசை எண். இரண்டாவது, வசனம் தோன்றும் நேரமும் மறையும் நேரமும்: மணி, நிமிடம், நொடி மூன்றும் இரண்டிரண்டு இலக்கம், காற்புள்ளிக்குப் பிறகு மில்லிசெகண்ட் மூன்று இலக்கம். நடுவில் ஓர் இடைவெளி, இரண்டு சிறுகோடு, ஒரு பெரிதுக் குறி, மறுபடி ஓர் இடைவெளி. பிறகு வசனம், பிறகு வெற்று வரி. இதற்கு மேல் இங்கே சொல்ல வேண்டாம்.

விளக்கத்தின் உயிர் இருப்பது பிழைப் பகுதியில். மாதிரிக் கோப்பை வேண்டுமென்றே ஒவ்வொரு இடமாகக் கெடுத்து, பிளேயரில் ஓட்டி, திரையில் என்ன தெரிகிறது என்று எழுதுங்கள். காரணத்தை வைத்து அல்ல, அறிகுறியை வைத்துத் தலைப்பிடுங்கள்; மாட்டிக்கொண்டவருக்குக் காரணம் தெரியாது, கண்ணில் படுவது மட்டும்தான் தெரியும்.

வசனத்துக்குக் கீழே எண்ணும் நேரமும் தெரிகிறதா? வெற்று வரி விட்டுப்போயிருக்கிறது. வெற்று வரி வரும்வரை எல்லாமே வசனம் என்று கொள்ளும் பிளேயர், அடுத்த தொகுதியையும் சேர்த்துக் காட்டிவிடும்.

வசனமே வரவில்லையா? காற்புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் முற்றுப்புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள். இணையப் பக்க வீடியோக்களுக்கான வெப்விடிடி என்ற சப்டைட்டில் வடிவத்தில் முற்றுப்புள்ளிதான். அதன் விளக்கத்தைப் படித்துவிட்டு எஸ்ஆர்டி எழுதுகிறவர்கள் இங்கே சறுக்குவார்கள். சொற்செயலியில் தட்டச்சு செய்திருந்தால், தானியங்கித் திருத்தம் இரண்டு சிறுகோட்டை ஒரே நீளக்கோடாக மாற்றியிருக்கக்கூடும். விண்டோஸ் பின்னொட்டை மறைப்பதால், கோப்பின் பெயருக்குப் பின்னால் எஸ்ஆர்டிக்கும் அப்பால் டிஎக்ஸ்டி என்று இன்னொன்று ஒட்டியிருக்கவும் வாய்ப்புண்டு.

வசனம் சற்று முந்தி வருகிறதா? காற்புள்ளிக்குப் பின் வெறும் 2 என்று போட்டால், எண்ணாகப் படிக்கும் நிரலுக்கு அது 2 மில்லிசெகண்ட், பின்னமாகப் படிக்கும் நிரலுக்கு 200. மூன்று இலக்கம் என்ற விதிக்குக் காரணம் இதுதான். காரணத்தையும் சேர்த்து எழுதினால் யாரும் மீற மாட்டார்கள்.

தமிழ்க் கோப்புகளில் அதிகம் படுத்துவது குறியாக்கம், அதாவது எழுத்துகளை எண்களாகச் சேமிக்கும் முறை. இதில் மூன்று அறிகுறிகளைப் பிரித்துக் காட்ட வேண்டும். எழுத்துகளுக்குப் பதில் மேற்குறியிட்ட லத்தீன் எழுத்துகள் குப்பையாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம்: யூனிகோடு எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் 'த' என்பது 224, 174, 164 என்ற மூன்று பைட், பிளேயர் அவற்றைத் தனித்தனி எழுத்தாகப் படிக்கிறது, அவ்வளவுதான். விஎல்சியின் சப்டைட்டில் விருப்பங்களில் குறியாக்கத்தை யூடிஎஃப்-8 ஆக்கினால் சரியாகிவிடும். வெறும் கேள்விக்குறிகளாக இருந்தால் கதை வேறு. சேமிக்கும்போதே எழுத்துகள் அழிந்துவிட்டன, மீட்க வழியில்லை. 2019க்கு முந்தைய விண்டோஸ் நோட்பேடில் இயல்பான குறியாக்கம், தமிழ் எழுத்துகளுக்கு இடமில்லாத ஆன்சி என்பதால் இது சாதாரணமாக நடக்கும். சாதாரண ஆங்கில எழுத்துகள் பொருளில்லாமல் வந்தால், பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்தது. யூனிகோடுக்கு மாற்றித்தான் ஆக வேண்டும்.

முதல் வசனம் மட்டும் காணோம் என்றால், கோப்பின் தொடக்கத்தில் 239, 187, 191 என்ற மூன்று பைட் இருக்கிறதா என்று சோதியுங்கள். சில எடிட்டர்கள் கேட்காமலே சேர்க்கும் யூடிஎஃப்-8 அடையாளம் அது. கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கவனமில்லாமல் எழுதிய நிரல் முதல் வரியை எண் என்று ஏற்காது.

வடிவத்தோடு தொடர்பில்லாத சிக்கலையும் ஒரு வரியில் தள்ளிவிடுங்கள். படம் ஓட ஓட வசனம் மேலும் மேலும் விலகினால் கோப்பில் பிழையில்லை. நொடிக்கு 25 பிரேம் ஓடும் பிரதிக்கு எழுதியதை 23.976 பிரேம் ஓடும் பிரதிக்குப் போட்டிருப்பார்கள். ஒரு மணி நேரத்தில் இரண்டரை நிமிடம் விலகும்.

எழுதி முடித்ததும், எஸ்ஆர்டி கோப்பைத் திறந்தே பார்க்காத ஒருவரிடம் கொடுத்து மூன்றாவது வசனம் ஒன்றைச் சேர்க்கச் சொல்லுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து எடுத்துக் கொடுக்கக் கூடாது. அவர் நிற்கும் இடத்தில் ஒரு வரி சேருங்கள்.

மாதிரிக் கோப்பை விளக்கத்துக்குள் மட்டும் ஒட்டிவைக்காமல் தனிக் கோப்பாக மூலநிரல் களஞ்சியத்தில் வையுங்கள். கெடுத்த கோப்புகளையும் கூடவே. தானியங்கிச் சோதனை ஒவ்வொரு முறையும் அவற்றைப் படிக்கட்டும். நிரலின் போக்கு மாறினால் சோதனை தோற்கும். எந்தப் பத்தியைத் திருத்த வேண்டும் என்பது அப்போதே தெரிந்துவிடும்.