மணலில் பூக்கும் சூரியகாந்திக் குடும்பம்: எங்கே தவறு நேர்கிறது?

ராமேஸ்வரம் பக்கம் மண்டபம் ஊரிலிருந்து தனுஷ்கோடியின் அரிச்சல்முனை வரை செடி பார்க்கப் போகிறவர்கள் முதலில் இதழை எண்ணுகிறார்கள். அங்கேயே தவறு தொடங்கிவிடுகிறது. சூரியகாந்திக் குடும்பத்தில் நாம் பூ என்பது ஒரு பூவே அல்ல. பல சிறுபூக்கள் நெருங்கி அமர்ந்த தலை. மணலில் ஓடுதண்டு விட்டுப் படரும் எழுத்தாணிப்பூண்டின் மஞ்சள் ‘இதழ்’ ஒன்றைப் பிரித்து உள்ளங்கையில் வையுங்கள். நுனியில் ஐந்து நுண்பற்கள், நடுவில் இரண்டாகப் பிளந்த சூல்முடி, அடியில் சூலகம். அது முழுமையான ஒரு பூ. இலையைக் கிள்ளினால் பால் வடியும்.

இந்தக் குடும்பத்தில் இங்கே தரையோடு கிடக்கும் பூண்டுகளே அதிகம். புதரைத் தேடிப் போனால் தவறான செடியிடம் போய் நிற்பீர்கள். பாதி கிழித்ததுபோல ஒரு பக்கமாக விரிந்த வெண்பூவும் வெள்ளைச் சதைக்கனியும் கொண்ட கடற்கரைப் புதர் உறவுக்காரக் குடும்பம்தான், ஆனால் சூரியகாந்திக் குடும்பம் அல்ல. அந்தச் சதைக்கனியைப் பார்த்தாலே அது வேறு குடும்பம் என்று தெரிந்துவிடும்.

எங்கும் இருப்பதால் நம் மண்ணின் செடி என்று எண்ணிவிடுவதும் உண்டு. பாட்டி காலத்திலிருந்து காயத்துக்குச் சாறு பிழியும் வெட்டுக்காயப்பூண்டு வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்தது.

எனக்கு மிகவும் கவலை தருவது மஞ்சள் கரிசலாங்கண்ணி. அழகுக்காக வளர்க்கும் அமெரிக்கப் படர்செடி ஒன்றுக்கும் அதே மஞ்சள் பூ. அதைக் கரிசலாங்கண்ணி என்று நம்பிச் சமையலுக்குப் பறித்துவிடக் கூடாது. பூவை விட்டு இலையைப் பாருங்கள்: அமெரிக்கச் செடியின் இலை பெரும்பாலும் மூன்று மடலாகப் பிரிந்து பளபளக்கும், நம் செடியின் இலை மடலின்றி நீண்டு குறுகியிருக்கும். சந்தேகம் இருந்தால் பறிக்கவே வேண்டாம்.

கண்மாய் வற்றிய பிறகு வயலில் ஊதாப் பந்தாகப் பூக்கும் கொட்டைக்கரந்தையை வாடாமல்லி என்பவர்கள் பலர். சுற்றிலும் கதிர்போல் விரியும் ‘இதழ்’ இல்லை என்பதால் வரும் குழப்பம் அது. தண்டின்மேல் விரலை ஓட்டுங்கள். பற்களுள்ள மெல்லிய சிறகு நெடுக ஓடுவது தட்டுப்படும், கையில் வாசனை ஒட்டும். வாடாமல்லியில் சிறகும் இல்லை, அந்த வாசனையும் இல்லை.