விட்டுப்போன ஓட்டத்தைத் துரத்தாதீர்கள்

ஓட்டப் பயிற்சி அட்டவணைகள் பார்க்க அழகாகத்தான் இருக்கும். 12 வாரம் அல்லது 16 வாரம், செவ்வாய் இவ்வளவு, வியாழன் இவ்வளவு, ஞாயிறு லாங் ரன், அதாவது வாரத்தின் நீண்ட ஓட்டம். டிசம்பரில் நடக்கும் கோயம்புத்தூர் மாரத்தானுக்கோ ஜனவரியில் நடக்கும் சென்னை மாரத்தானுக்கோ பெயர் கொடுத்துவிட்டு, அதைப் பிரிண்ட் எடுத்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவைப்பவர்கள் கிருஷ்ணகிரி, ஓசூர் பக்கமும் இருக்கிறார்கள். ஆனால் அந்த அட்டவணையைப் போட்டவருக்கு ஓசூர் சிப்காட்டின் நைட் ஷிஃப்ட் தெரியாது. மே, ஜூன் மாதங்களில் மாங்காய் ஏற்றிய வண்டிகள் கூழ் ஆலை வாசலில் வரிசைகட்டி நிற்பது தெரியாது. பிப்ரவரி பிறந்தால் காதலர் தினத்துக்கு ரோஜா அனுப்பும் தோட்டங்களில் யாருக்கும் தூக்கம் கிடையாது என்பதும் தெரியாது. இதற்கு நடுவே கல்யாணம், காதுகுத்து, பிள்ளைக்குப் பரீட்சை, விடாத மழை.

ஆக, ஓட்டம் தவறும். வேலைக்குப் போய்க்கொண்டு ஓடுகிற யாருக்கும் தவறும். தவறிய மறுநாளும் அதற்கடுத்த வாரமும் என்ன செய்கிறோம் என்பதில்தான் பலர் காலைக் கெடுத்துக்கொள்கிறார்கள்.

பாக்கியை அடைப்பது

எல்லாரும் செய்கிற தவறு இது. விட்டுப்போன கிலோமீட்டரைக் கடன் பாக்கி மாதிரி மனசில் வைத்துக்கொண்டு வார இறுதியில் மொத்தமாக அடைக்கப் பார்ப்பது.

கிருஷ்ணகிரியில் குடியிருந்து கம்பெனி பஸ்ஸில் ஓசூர் போய்வரும் நண்பர் ஒருவரின் வாரத்தைச் சொல்கிறேன். அட்டவணைப்படி செவ்வாய் 6, வியாழன் 8, ஞாயிறு 16, மொத்தம் 30 கிலோமீட்டர். அந்த வாரம் அவருக்கு நைட் ஷிஃப்ட். காலையில் பஸ்ஸைவிட்டு இறங்கும்போதே கண் சொருகும். செவ்வாயும் போச்சு, வியாழனும் போச்சு. சனிக்கிழமை மாலை விட்ட இரண்டையும் சேர்த்து 14 ஓடினார். இரவு கழிந்து ஞாயிறு விடிகாலையிலேயே கே.ஆர்.பி. அணைச் சாலையில் 16. கைக்கடிகாரத்தில் வாரக் கணக்கு 30 என்று சரியாக வந்துவிட்டது. திங்கட்கிழமை காலை கட்டிலைவிட்டு இறங்கி முதல் அடி வைத்தபோது, குதிகாலுக்கு மேலே உள்ள நரம்பு விறைத்துப் பிடித்தது. பத்து நிமிடம் நடந்தால் விட்டுவிடும், ஓடினால் திரும்பப் பிடிக்கும். அந்த வலி அடங்குவதற்குள் அவருடைய அட்டவணையில் பாதி போய்விட்டது.

கூட்டிப் பார்த்தால் அதே 30தான். நடுவில் இருக்கவேண்டிய ஓய்வு மட்டும் காணாமல் போயிருக்கிறது. குதிகால் நரம்பு என்று நாம் பேச்சில் சொல்வது உண்மையில் கெண்டைக்கால் தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாண். கடினமான ஓட்டத்துக்குப் பிறகு முதல் ஒன்று, ஒன்றரை நாள் அந்தத் தசைநாணில் புதிதாகக் கட்டப்படுவதைவிடச் சிதைவதே அதிகம். அதற்குப் பிறகுதான் வளர்ச்சி மேலோங்கும். அந்த இடைவெளிக்குள் இன்னொரு பெரிய ஓட்டத்தைத் திணித்தால், கட்ட ஆரம்பிக்காத இடத்தில் மறுபடியும் சுமை ஏறுகிறது.

அவர் என்ன செய்திருக்கலாம்? செவ்வாய், வியாழன் இரண்டையும் அப்படியே விட்டிருக்கலாம். சனிக்கிழமை நன்றாகத் தூங்கியிருக்கலாம். ஞாயிறு 16க்குப் பதில் 13, 14 நிதானமாக ஓடி, அடுத்த வாரத்தை அட்டவணையில் உள்ளபடியே தொடங்கியிருக்கலாம். வாரக் கணக்கு 14 என்று காட்டும். காட்டிவிட்டுப் போகட்டும். 16 வாரப் பயிற்சியில் ஒரு வாரம் பாதியாகக் குறைந்ததால் பந்தயத்தில் பெரிதாக ஒன்றும் குறையாது.

விட்டது இன்டர்வல் (வேகமாகவும் மெதுவாகவும் மாறி மாறி ஓடுவது), டெம்போ (சற்றுக் கடினமான ஒரே வேகத்தில் ஓடுவது) மாதிரி வேகப் பயிற்சி என்றால் அதை மட்டும் ஒரு நாள் தள்ளிவைக்கலாம். ஆனால் அதற்கும் லாங் ரன்னுக்கும் நடுவில் ஒரு நாளாவது ஓய்வோ மிக லேசான ஓட்டமோ இருக்கவேண்டும். இடம் இல்லையா, விட்டுவிடுங்கள்.

மூன்று நாளில் எல்லாம் போய்விட்டது என்று பயப்படுவது

பாக்கியை அடைக்கத் தூண்டுவதே இந்தப் பயம்தான். அமெரிக்க உடலியல் ஆய்வாளர் எட்வர்ட் காய்ல் குழுவினர் 1984இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல பதில். நீண்ட காலம் கடுமையாகப் பயிற்சி செய்துவந்த 7 பேர் அடியோடு பயிற்சியை நிறுத்தினார்கள். அவர்கள் உடல் அதிகபட்சம் பயன்படுத்தக்கூடிய ஆக்சிஜன் அளவு முதல் 21 நாளில் 7 சதவீதம் குறைந்தது. 56 நாளில் 16 சதவீதம் இறங்கி, அதற்குமேல் இறங்காமல் நின்றது. மூன்று வாரம் முழுசாக நிறுத்தியவர்களுக்கே 7 சதவீதம் என்றால், தீபாவளிக்கு ஊருக்குப் போய் நான்கு நாள் ஓடாதவர் எதை இழந்துவிடப் போகிறார்?

ஆனாலும் திரும்பி வந்து ஓடும் முதல் நாள் கால் கனக்கும், மூச்சு வாங்கும், இதயத் துடிப்பு வழக்கத்தைவிட எகிறும். அதைப் பார்த்துத்தான் பலர் கலங்குகிறார்கள். ஓடாமல் இருந்தால் முதலில் குறைவது ரத்தத்தில் உள்ள நீர்ப் பகுதி. ரத்தத்தின் அளவு குறையும்போது இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் தள்ளும் ரத்தமும் குறைகிறது, ஆகவே அதிக முறை துடிக்கிறது. சீக்கிரம் குறைகிற அந்த நீர் சீக்கிரமே திரும்பியும் வந்துவிடும். ஒரு சில லேசான ஓட்டங்கள் போதும். ஓட்டத்தை அளக்கும் கார்மின் மாதிரி கடிகாரம் உங்கள் உடல்திறன் இறங்குகிறது என்று காட்டினால் அதை அந்த வாரத்துக்குப் பார்க்காமல் இருப்பது நல்லது.

காய்ச்சலோடு ஓடுவது

மற்ற தவறுகள் காலோடு போய்விடும். இது உயிர் சம்பந்தப்பட்டது. அதனால் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன்.

டிசம்பர், ஜனவரி பந்தயங்களுக்கான பயிற்சி உச்சத்தில் இருப்பது அக்டோபர், நவம்பரில். நம் பக்கம் மழையும் அதை ஒட்டி வைரஸ் காய்ச்சலும் டெங்குவும் வருவதும் அப்போதுதான். லேசாக மூக்கு ஒழுகுகிறது, தும்மல், அவ்வளவுதான் என்றால் மெதுவாக ஒரு 20, 30 நிமிடம் ஓடுவதில் பெரும்பாலும் தவறில்லை. காய்ச்சல், உடம்பு வலி, நெஞ்சுச் சளி, வயிற்றுப்போக்கு இவற்றில் ஒன்று இருந்தாலும் ஓடவே கூடாது. வைரஸ் தொற்று சிலருக்கு இதயத் தசையில் அழற்சியை உண்டாக்கும். அந்த நேரத்தில் கடுமையாக உடற்பயிற்சி செய்தால் இதயத் துடிப்பின் ஒழுங்கு கெட்டு ஆபத்தாக முடியலாம். வேர்க்க ஓடினால் காய்ச்சல் இறங்கிவிடும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

இதைவிட மோசம், மாத்திரை போட்டுக் காய்ச்சலை அடக்கிவிட்டு லாங் ரன் போவது. காய்ச்சல் மறைந்திருக்கும், தொற்று உள்ளேயே இருக்கும். டெங்கு சந்தேகம் இருக்கும்போது இப்யூபுரூஃபன் மாதிரியான வலி மாத்திரைகளை நீங்களாக எடுப்பது ரத்தக் கசிவு ஆபத்தைக் கூட்டும். ஓட்டக்காரர்கள் பையில் அந்த மாத்திரை சாதாரணமாகக் கிடக்கும் என்பதால் இதைச் சொல்லவேண்டியிருக்கிறது.

மருந்தில்லாமலேயே காய்ச்சல் விட்டு, பசி திரும்பி, படியேறினால் மூச்சு வாங்காத நிலை வந்த பிறகு சில நாள் நடந்து பாருங்கள். காலையில் எழுந்ததும் படுக்கையிலேயே நாடித் துடிப்பை ஒரு நிமிடம் எண்ணுங்கள். வழக்கமான எண்ணிக்கையைவிட எட்டு, பத்து கூடுதலாக இருந்தால் உடம்பு இன்னும் தேறவில்லை. டெங்கு வந்தவர்களுக்கு அசதி வாரக்கணக்கில் இருப்பது சகஜம். அவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டே ஆரம்பிக்கவேண்டும். ஓடும்போது நெஞ்சு வலி, படபடப்பு, தலைச்சுற்றல் வந்தால் அங்கேயே நிறுத்திவிட்டு நேராக ஆஸ்பத்திரி.

பந்தயக் கட்டணம் கட்டியாச்சே என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்தப் பணம் போனால் போகட்டும்.

நீண்ட இடைவெளிக்குப் பிறகு பழைய வேகத்தில் தொடங்குவது

சில நாள் விட்டதற்குப் பயப்படுகிறவரே, ஒன்றரை மாதம் விட்ட பிறகு எதுவும் நடக்காதது போலப் பழைய ஆட்களோடு சேர்ந்து ஓடுவதும் உண்டு. மாங்காய் சீசன் முடிந்து ஜூலையில் திரும்புகிறவர்களிடம் இதைப் பார்க்கலாம். இரண்டு மூன்று வாரத்தில் மூச்சு பழைய நிலைக்கு வந்ததாகத் தோன்றும். தசைநாணும் எலும்பும் அவ்வளவு வேகமாகத் தேறாது. மூச்சு இடம் கொடுக்கிறதே என்று காலைத் தள்ளும்போதுதான் முன்னங்கால் எலும்பு வலி, முழங்கால் வலி எல்லாம் வருகிறது.

நான் சொல்லும் கணக்கு இது. நான்கு நாள் வரை விட்டிருந்தால் எதையும் மாற்றவேண்டாம். ஒரு வாரம் என்றால் முதல் இரண்டு மூன்று ஓட்டங்களைப் பேசிக்கொண்டே ஓடும் வேகத்தில் வைத்து, லாங் ரன்னைக் கடைசியாக ஓடிய தூரத்தைவிடக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வாரம் என்றால் பழைய தூரத்தில் பாதியில் தொடங்கி, இரண்டு வாரம் எடுத்துப் பழைய இடத்துக்கு வாருங்கள். ஒரு மாதத்துக்கு மேல் போய்விட்டால் சில நிமிடம் ஓடி, ஒரு நிமிடம் நடந்து, மறுபடி ஓடி என்று ஆரம்பிப்பதுதான் நல்லது. பந்தயம் பக்கத்தில் இருந்தால் ஃபுல் மாரத்தானை ஹாஃபாகவோ ஹாஃபை 10 கிலோமீட்டராகவோ மாற்றிக்கொள்ள முடியுமா என்று அமைப்பாளர்களிடம் சீக்கிரமே கேட்டுவிடுங்கள்.

வெயிலையும் மறந்துவிடக் கூடாது. வெயிலில் ஓட உடம்பு பழக 10 முதல் 14 நாள் ஆகும். ஓடாமல் விட்டால் அந்தப் பழக்கமும் சில வாரத்தில் கரைந்துவிடும். மார்ச்சில் நிறுத்திவிட்டு மே மாதம் கிருஷ்ணகிரியிலோ தர்மபுரியிலோ காலை எட்டு மணிக்குத் திரும்ப ஓட ஆரம்பிப்பது மயக்கத்தில் கொண்டுபோய் விடும். ஓசூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, கிருஷ்ணகிரி சுமார் 500தான். உயரத்தில் இருப்பதால் ஓசூரில் வெயில் குறைவு, அங்கே ஓடிய வேகத்தைக் கிருஷ்ணகிரியில் கோடையில் எதிர்பார்க்க முடியாது.

முழுசாக முடியாது என்றால் மொத்தமாக விடுவது

10 கிலோமீட்டர் ஓடவேண்டிய நாள். எழுந்ததே ஆறு மணி, ஏழுக்குப் பிள்ளைகள் கிளம்பவேண்டும். இனி எங்கே ஓடுவது என்று ஷூவை மூலையில் போட்டுவிடுகிறோம். 25 நிமிடம் இருந்ததே, அதில் நான்கு கிலோமீட்டராவது ஓடியிருக்கலாம்.

இருக்கிற உடல்திறனைக் காப்பாற்ற அதை உருவாக்கியபோது பட்ட பாடு தேவையில்லை. ராபர்ட் ஹிக்சன் குழுவினர் 1981இல் வெளியிட்ட ஆய்வில், 10 வாரம் வாரத்துக்கு 6 நாள், நாளுக்கு 40 நிமிடம் கடுமையாகப் பயிற்சி செய்தவர்களை வாரத்துக்கு 4 அல்லது 2 நாளாகக் குறைக்கச் சொன்னார்கள். 15 வாரம் கழித்தும் அவர்களுடைய ஆக்சிஜன் திறன் குறையவில்லை. பயிற்சியின் கடுமையையும் நேரத்தையும் அவர்கள் குறைக்காமல் வைத்திருந்தார்கள் என்பதைச் சேர்த்துச் சொல்லவேண்டும். நெருக்கடியான மாதத்தில் வாரம் இரண்டு ஓட்டம்தான் முடிகிறதா, அதில் ஒன்று கொஞ்சம் வேகமாக இருக்கட்டும். நிலைமை கைமீறிப் போகாது.

கடைசி மூன்று வாரத்தில் திணிப்பது பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை. பந்தயத்துக்கு முந்தைய இரண்டு வாரம் தூரத்தைப் பாதியளவுக்குக் குறைப்பதுதான் நல்ல கோச்கள் சொல்லும் முறை. அந்த நேரத்தில் ஓடும் 30 கிலோமீட்டர் உங்களை வலுவாக்க நேரம் இல்லை, களைப்பாக்க நேரம் உண்டு. அதேபோல, ஓடவில்லையே என்று சாப்பாட்டைக் குறைத்துக்கொள்வதும் வேண்டாம். தேறிக்கொண்டிருக்கும் உடம்புக்குத்தான் கேழ்வரகுக் களியும் பருப்பும் முட்டையும் தேவை.

வாட்ஸ்அப் குழுவில் விடிகாலை ஐந்தரைக்கு வரும் படங்களைப் பார்த்து மனம் சோர்வதும் இந்தக் கணக்கில்தான் வரும், அதுவும் பெண்களுக்கு. அந்த நேரத்தில் அடுப்பு பற்றவைத்து டிபன் டப்பா கட்டுகிறவருக்கும், வெளிச்சம் வராமல் தெருநாய்களைத் தாண்டித் தனியாகப் போக முடியாதவருக்கும், எழுந்ததும் ஷூ மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறவருக்கும் ஒரே அட்டவணை எப்படிப் பொருந்தும்? மாலையில் ஸ்டேடியத்தில் சுற்றி ஓடுவதும் ஓட்டம்தான். வீட்டில் இன்னொருவர் காலை வேலையை வாரம் இரண்டு நாள் எடுத்துக்கொண்டால், அந்த வீட்டில் இரண்டு ஓட்டம் தவறாமல் நடக்கும்.

ஒரே நாள் திரும்பத் திரும்பத் தவறினால்

மூன்று வாரமாக வியாழக்கிழமை ஓட்டம் நடக்கவில்லை என்றால், அந்த நாளில் அந்த ஓட்டத்துக்கு இடமே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை அழித்துவிட்டு அட்டவணையை உங்கள் வேலையை ஒட்டி எழுதுங்கள். ஷிஃப்ட் மாறி மாறி வருகிறவர்கள் வாரத்தை ஷிஃப்ட்டை வைத்தே பிரிக்கலாம். காலை ஷிஃப்ட் வாரத்தில் மாலை நேரத்தில் மூன்று ஓட்டம், ஞாயிறு லாங் ரன். மதிய ஷிஃப்ட் வாரத்தில் காலை நேரம் கையில் இருக்கிறது, வேகப் பயிற்சியை அங்கே வைக்கலாம். நைட் ஷிஃப்ட் வாரத்தில் இரண்டே ஓட்டம், இரண்டும் லேசானவை, பகல் தூக்கம் முடிந்து மாலையில். வேலை முடிந்து வந்த கையோடு தூக்கத்தை விட்டுவிட்டு ஓடவேண்டாம். அந்த வாரத்துக்கு லாங் ரன் கிடையாது என்று முன்னாலேயே எழுதிவைத்துவிட்டால், விட்டுப்போனது என்று சொல்லிக்கொள்ள அதில் ஒன்றும் இருக்காது.