பெருக்கமரம் வளர்க்க விரும்புவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மன்னார் பள்ளிமுனையில் நிற்கும் பெருக்கமரத்தைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள் என்னிடம் வழக்கமாகக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: இதை வீட்டில் வளர்க்க முடியுமா? முடியும். விதை கிடைத்தால் போதும், வளர்ப்பது கடினமில்லை. ஆனாலும் வீடுகளில் வைத்த கன்றுகள் ஒன்றிரண்டு ஆண்டுகளில் செத்துப்போனதை நிறையப் பார்த்திருக்கிறேன். என் கையாலேயே சாகவிட்டும் இருக்கிறேன். கவனிப்பாரில்லாமல் காய்ந்து செத்த கன்று அவற்றில் ஒன்றுகூட என் நினைவில் இல்லை. ஏறத்தாழ எல்லாமே தண்ணீர் கூடிச் செத்தவை.

ஆங்கிலத்தில் பேயோபாப் (baobab) எனப்படும் இந்த மரத்தைத் தமிழ்நாட்டில் ஆனைப்புளி என்றும் பொந்தன்புளி என்றும் சொல்வார்கள். அரபு வணிகர்கள் கடல்வழியாகக் கொண்டுவந்த மரம் என்பது நம் கரையோர ஊர்களில் நெடுநாளாக வழங்கிவரும் செய்தி. இதன் பிறந்த மண் ஆப்பிரிக்கா. செனகல் முதல் சூடான் வரையிலும், தெற்கே லிம்போபோ ஆற்றுப் பகுதி வரையிலும் தானாக வளர்கிறது. அங்கே பல இடங்களில் ஆண்டுக்கு மூன்று நான்கு மாதங்கள்தான் மழை. மீதி மாதங்களை மரம் இலையே இல்லாமல் கழிக்கும். அதன் அடிமரம் நாம் பழகிய வேம்பு, புளி போன்ற வைரமரம் அன்று. பஞ்சு போன்ற நாரும் நீருமாக இருக்கும்; பச்சை மரத்தின் எடையில் முக்கால் பங்கு அளவுக்குத் தண்ணீரே இருக்கக்கூடும். தண்ணீரைத் தன்னுள்ளே வைத்துக்கொண்டு வாழும் மரத்துக்கு நாம் வேம்புக்குச் செய்வதையே செய்தால், அது நன்மையாக முடிவதில்லை.

முதல் தவறு விதையிலேயே தொடங்குகிறது. காயை உடைத்தால் உள்ளே வெள்ளை மாவுச் சதையும் சிவந்த நார்களும் விதைகளைப் பற்றிக்கொண்டிருக்கும். பலர் அதை அப்படியே மண்ணில் புதைத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருப்பார்கள். விதையின் தோல் அவ்வளவு கடினம். காட்டில் யானையும் பபூன் குரங்கும் தின்று, வயிற்றில் நொதித்து வெளிவந்த பிறகே பல விதைகள் முளைக்கின்றன. அந்த வேலையை நாம்தான் செய்து கொடுக்க வேண்டும்.

சதையைத் தண்ணீரில் கரைத்து விதையைக் கழுவி எடுங்கள். அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டாம். புளிப்பான அந்தக் கரைசலில் சர்க்கரை சேர்த்து, செனகலில் ‘பூய்’ என்ற பெயரில் விரும்பிக் குடிக்கிறார்கள். கழுவிய விதை சிறுநீரக வடிவில், ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் நீளத்தில், கரும்பழுப்பாக இருக்கும். அதன் உட்குழிந்த பக்கத்தில் சிறு தழும்பு தெரியும். முளை அந்தப் பக்கமாகத்தான் வரும் என்பதால் அங்கே கை வைக்கக்கூடாது. எதிர்ப்பக்கத்து வளைவைச் சிறிய அரத்தால் மெல்லத் தேயுங்கள். கருமை போய், அரிசிமணியளவு வெளிறிய புள்ளி தெரிந்ததும் நிறுத்திவிட வேண்டும். பிறகு ஓரிரவு வெதுவெதுப்பான நீரில் ஊறவிடுங்கள். காலையில் பார்த்தால், நீர் புகுந்த விதைகள் நன்றாகப் பருத்து, தொட்டால் வழுக்கும் கூழ் பூசியதுபோல் இருக்கும். பருக்காத விதையை இன்னும் சற்றுத் தேய்த்து மறுபடி ஊறப்போடலாம். இரண்டு நாளுக்கு மேல் தண்ணீரிலேயே கிடந்தால் அழுகிவிடும். அடுப்பில் வைத்து வேகவைத்தவர்களும் உண்டு. அப்படிச் செய்தால் கரு வெந்துபோகும். நாற்றுப்பண்ணைகளில் கந்தக அமிலத்தில் ஊறவைக்கும் முறை உண்டு. வீட்டில் அதை நினைத்தும் பார்க்க வேண்டாம். ஓர் அரம் போதும்.

மணல் கலந்த மண்ணில் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் ஆழத்தில் ஊன்றினால், வெயில் காலத்தில் சில வாரங்களுக்குள் முளை வந்துவிடும். இங்கேதான் இன்னொரு சோகமான தவறு நடக்கிறது. பெருக்கமரத்தின் இலை விரித்த கைபோல ஐந்து முதல் ஏழு சிற்றிலைகளாக இருக்கும் என்று எல்லோரும் படித்திருக்கிறோம். ஆனால் இளங்கன்றின் முதல் இலைகள் அப்படி இருப்பதில்லை. பிரிவு இல்லாத, சாதாரணமான ஒற்றை இலைகள். விரல்கள் பின்னால்தான் வரும். இது தெரியாமல், களை முளைத்திருக்கிறது என்று பிடுங்கி எறிந்தவர்கள் பலர். ஊன்றிய இடத்தில் ஒரு குச்சியை நட்டு வையுங்கள், போதும்.

கன்றாகவே வாங்குவதென்றால், இலவ மரத்தின் கன்றைப் பெருக்கமரம் என்று நம்பி வாங்கிவிடும் அபாயம் இருக்கிறது. இரண்டும் ஒரே குடும்பம், இரண்டுக்கும் கைபோன்ற இலை. தண்டில் முள் இருந்தால் அது பெருக்கமரம் இல்லை.

அடுத்தது பை. கன்று ஒரு சாண் உயரம் இருக்கும்போதே மண்ணுக்குள் ஆணிவேர் முள்ளங்கிபோல் திரளத் தொடங்கிவிடும். ஓராண்டுக் கன்றைத் தோண்டிப் பார்த்தால், மேலே இருக்கும் தண்டைவிடக் கீழே இருக்கும் கிழங்குதான் பருத்திருக்கும். ஆழமில்லாத பையில் அந்தக் கிழங்கு அடியில் முட்டி வளைந்துகொள்ளும். கன்றை நிலத்துக்கு மாற்றும்போது கிழங்கில் காயம் பட்டால், அந்தக் காயம் ஆறும் வரை இரண்டு மூன்று நாள் நீர் ஊற்றாமல் விடுவதுதான் நல்லது. நட்ட கையோடு ஒரு வாளி தண்ணீர் ஊற்றுவது நம் வழக்கம். இங்கே அது கிழங்கின் காயத்தில் அழுகலைக் கொண்டுவந்து விடுகிறது.

தண்ணீர் விஷயத்தை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். முதல் முறை பதினொரு கன்றுகள் வளர்த்தேன். எல்லாம் முழங்கால் உயரம், செழிப்பான இலை. மார்கழியில் இலைகள் ஒவ்வொன்றாக மஞ்சளித்து உதிர்ந்தன. நோய் வந்துவிட்டது என்று பதறி, தொழுவுரம் போட்டு, காலையும் மாலையும் நீர் ஊற்றினேன். மாரி மழை வேறு விடாமல் பெய்துகொண்டிருந்தது. ஒருநாள் ஒரு கன்றின் அடித்தண்டைத் தொட்டுப் பார்த்தேன். கன்றிய வாழைப்பழம்போல் விரல் உள்ளே இறங்கியது. பட்டையை நீக்கினால் உள்ளே பழுப்பு நிறக் கூழ், புளித்த வாடை. பதினொன்றில் இரண்டுதான் மிஞ்சின. அந்த இரண்டும் கூரை இறவாணத்துக்குக் கீழே, மழை படாமல், நான் மறந்துபோன மூலையில் இருந்தவை.

அந்தக் கன்றுகளுக்கு நோய் எதுவும் இல்லை. அவை உறங்கப் போயிருந்தன. இலை உதிர்ந்த பெருக்கமரத்துக்கு நீரை மேலே இழுக்கும் வேலை இல்லை; ஊற்றுகிற நீர் கிழங்கைச் சுற்றி அப்படியே தேங்கும். ஆகவே இலை இருக்கும்போது மட்டும் நீர் ஊற்றுங்கள். அப்போதும் மேல்மண் நன்றாகக் காய்ந்த பிறகே ஊற்ற வேண்டும். இலை மஞ்சளிக்கத் தொடங்கியதும் குறையுங்கள். மொட்டையாக நிற்கும்போது நிறுத்திவிடுங்கள். சந்தேகம் வந்தால் கட்டைவிரலால் அடித்தண்டை அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் கன்று நலம். பையில் இருக்கும் கன்றை மாரி காலத்தில் கூரைக்குள் நகர்த்துவது மிக முக்கியம். ஆப்பிரிக்காவில் மழை வெக்கையோடு வருகிறது, குளிர்ச்சியான மாதங்கள் வறண்டவை. நம் வடகீழ்ப் பருவமழையோ வெயில் தணிந்த நாள்களில் வந்து கொட்டுகிறது. கன்றுக்கு ஈரமும் குளிர்ச்சியும் சேர்ந்து வருவதுதான் ஆகாது. ரொறன்ரோவிலும் இலண்டனிலும் சாடியில் வளர்க்கும் நம்மவர்களுக்கு இது இன்னும் பொருந்தும்: குளிர்காலம் முழுதும் வீட்டுக்குள், வெளிச்சமுள்ள சன்னலோரத்தில், வறண்ட மண்ணில் வையுங்கள். உறைபனி பட்டால் இளங்கன்று பிழைக்காது.

மழைக்கு முன்பே மொட்டை மரம் துளிர்த்தால், தாகமாக இருக்கிறது என்று உடனே நீர் பாய்ச்சுகிறவர்களும் இருக்கிறார்கள். மடகஸ்காரில் பெருக்கமரங்களை ஆராய்ந்தவர்கள் கண்டது வேறு. அடிமரத்தில் சேர்த்த நீரைக் கொண்டுதான் மரம் மழைக்கு முன்பே புது இலை விடுகிறது. அதே நீர்தான் மென்மையான அந்த உடலை விறைப்பாக நிமிர்த்தியும் வைத்திருக்கிறது.

இடத்தைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. பள்ளிமுனை மரத்தின் சுற்றளவு 19 மீட்டருக்கு மேல். உயரம் எட்டு மீட்டரைக்கூடத் தொடவில்லை. மரம் அகலத்தில்தான் இடம் கேட்கும். வளர்ந்த மரத்தின் வேர்கள் ஆழம் போவதைவிட மேல்மண்ணில் வெகுதூரம் பரவும். வீட்டுச் சுவர், கிணறு, மலசலகூடக் குழி ஆகியவற்றின் அருகே வைத்துவிட்டுப் பின்னால் மரத்தைக் குறை சொல்லாதீர்கள். முழு வெயில், நீர் தேங்காத மேட்டுநிலம், மணற்பாங்கான மண் இருந்தால் வேறெதுவும் வேண்டாம்.

வேலி போடாமல் விடுவதை மட்டும் என்னால் எளிதாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. இந்த மரத்தின் இளம் இலை மனிதருக்கே உணவு. மாலி, புர்க்கினா பாசோ, நைஜர் நாடுகளில் காயவைத்துப் பொடித்து, வெண்டைக்காய்போல் வழவழப்பான குழம்பு வைக்கிறார்கள். இலைக்காகவே கீரைப்பாத்திபோல் நெருக்கி விதைத்து வளர்க்கும் வழக்கமும் உண்டு. ஆடும் மாடும் விட்டுவைக்குமா? ஆப்பிரிக்காவில் பல இடங்களில் பெரிய மரங்கள் மட்டும் நிற்கின்றன, அவற்றின் அடியில் கன்றுகள் இல்லை. மேய்ச்சல் அதற்கு ஒரு முக்கியக் காரணம். 2018இல் வெளிவந்த ஓர் ஆய்வு, அந்தக் கண்டத்தின் மிகப் பழைய 13 மரங்களில் 9 மரங்கள் முந்தைய பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் முழுதாகவோ பாதியாகவோ பட்டுப்போனதைச் சொன்னது. சிம்பாப்வேயில் ஏறத்தாழ 2,450 ஆண்டுகள் வாழ்ந்த பாங்கே மரமும் அவற்றில் ஒன்று. முதியவை விழுகின்றன, இளையவை மேயப்படுகின்றன. மன்னாரிலோ ஆட்டோடு கழுதைகளும் உண்டு. பனைமட்டையோ முள்கிளையோ எதுவானாலும், கன்றின் தலை ஆட்டின் வாய்க்கு எட்டாத உயரம் வரும்வரை வேலி இருந்தே ஆக வேண்டும்.

ஊரில் ஏற்கனவே பெரிய மரம் நிற்கிறதா? அதன் பொந்தைச் சீமெந்தால் அடைக்காதீர்கள். முதிய பெருக்கமரத்தில் பொந்து இருப்பது இயல்பு. பல தண்டுகள் வட்டமாக எழுந்து ஒட்டிக்கொள்வதால் நடுவே விடப்பட்ட வெற்றிடமாகவும் அது இருக்கலாம். சீமெந்து ஈரத்தை உள்ளே பிடித்துவைக்கும். ஆணி அடித்துப் பலகை மாட்டுவதும் கூடாது. பட்டை உரிந்த இடத்தில் புதுப்பட்டை வளர்க்கும் அரிய திறன் இதற்கு இருக்கிறது. ஆனால் பெரிய கிளையை அறுத்தால் அந்த வெட்டு எளிதில் மூடாது, அழுகல் அங்கிருந்து உள்ளே இறங்கும். பருமனைப் பார்த்து ஆயிரம் ஆண்டு என்று எழுதிவைப்பதும் தவறு. வறட்சியில் மரம் சுருங்கும், மழையில் பருக்கும். ரேடியோகார்பன் சோதனை இல்லாமல் வயதைச் சரியாகச் சொல்ல முடியாது.

கடைசியாக, காய். விதையிலிருந்து வளர்ந்த மரம் பூக்கப் பத்து, பதினைந்து, சிலவேளை இருபதுக்கு மேற்பட்ட ஆண்டுகளும் ஆகலாம். அதுவரை பொறுத்தவர்கள், பூத்தும் காய்க்கவில்லை என்று மனம் நொந்து வெட்டிவிடுகிறார்கள். ஆப்பிரிக்காவிலும் காய்க்காத மரத்தை ‘ஆண் மரம்’ என்று ஒதுக்கும் வழக்கம் பல இடங்களில் உண்டு. உண்மையில் ஒவ்வொரு பூவிலும் ஆண், பெண் உறுப்புகள் இரண்டும் இருக்கின்றன. மரம் பெரும்பாலும் தன் சொந்த மகரந்தத்தை ஏற்பதில்லை என்பதுதான் சிக்கல். வேறு மரத்தின் மகரந்தம் வேண்டும். மாலை மங்கும் நேரத்தில் வெள்ளைப் பூ விரியும், இரவில் பழந்தின்னி வௌவால்கள் வந்து தேன் குடிக்கும், மறுநாள் பூ பழுத்து விழுந்துவிடும். அந்த ஓரிரவுக்குள் இன்னொரு மரத்தின் மகரந்தத்தைச் சுமந்த வௌவால் வந்தாக வேண்டும். ஆகவே ஒரே காயின் விதைகளை மட்டும் நம்பி நிற்காமல், வெவ்வேறு மரங்களின் காய்களிலிருந்து இரண்டு மூன்று கன்றுகளை உருவாக்கி, ஒன்றை உங்கள் வளவிலும் மற்றவற்றை அயலவர் காணியிலோ கோயில், பள்ளிக்கூட நிலத்திலோ வையுங்கள். வௌவால் தங்கும் மரம் பக்கத்தில் இருந்தால் அதை வெட்ட விடாதீர்கள்.