குழந்தைக்காகப் புகார் கொடுக்கும்போது அவதூறு வழக்கில் சிக்காமல் இருக்க

பக்கத்து வீட்டுப் பிள்ளை இரவில் அலறுவது கேட்கிறது. டியூஷன் ஆசிரியரைப் பற்றி ஒரு மாணவி தோழியிடம் ஏதோ சொல்லியிருக்கிறாள். இதெல்லாம் காதுக்கு வந்ததும் பலர் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுகிறார்கள். காவல் நிலையத்துக்கு மட்டும் போவதில்லை; மானநஷ்ட வழக்கு வந்துவிடுமோ என்ற பயம். சட்டம் இதற்கு நேர்மாறாக இருக்கிறது. அதிகாரம் உள்ளவரிடம் சொன்னால் அது உங்களைக் காக்கும். அதே வார்த்தைகளைக் குழுவில் போட்டால் அந்தக் காப்பு பெரும்பாலும் போய்விடும்.

முதலில் ஒரு தாளை எடுத்து, கண்டதையும் கேட்டதையும் ஊகித்ததையும் தனித்தனியாக எழுதுங்கள். 'அந்த ஆள் குழந்தையைக் கொடுமைப்படுத்துகிறான்' என்பது முடிவு. 'செவ்வாய் இரவு 9 மணிக்கு அடிக்கும் சத்தமும் அழுகையும் கேட்டன. மறுநாள் காலை இடது முழங்கையில் பெல்ட் அகலத்தில் தடிப்பு இருந்தது' என்பது தகவல். புகாரில் தகவல்தான் இருக்க வேண்டும். குழந்தை ஏதாவது சொல்லியிருந்தால் அதன் வார்த்தையிலேயே, கொச்சையைக்கூடத் திருத்தாமல், எழுதி வையுங்கள். துருவித் துருவிக் கேட்காதீர்கள். பத்துப் பேர் கேட்டபின் குழந்தை சொல்வதை, 'சொல்லிக்கொடுத்தது' என்று எதிர்த்தரப்பு வக்கீல் சுலபமாக உடைத்துவிடுவார். உடலைப் படம் எடுப்பதும் வேண்டாம். அது மருத்துவப் பரிசோதனையில் பதிவாக வேண்டியது.

இந்தத் தாளுக்குச் சட்டத்திலும் மதிப்பு உண்டு. 'நல்லெண்ணம்' என்றால் மனசு சுத்தம் என்று மட்டும் நாம் நினைக்கிறோம். உரிய கவனம் இல்லாமல் செய்தது நல்லெண்ணம் ஆகாது என்கிறது பாரதிய நியாய சன்ஹிதா (பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்துக்கு வந்த சட்டம்). நீங்கள் கவனமாக இருந்தீர்கள் என்று காட்ட அந்தத் தாள்தான் கையில் இருக்கும்.

அடுத்து, யாரிடம் சொல்வது? 1098 குழந்தைகள் உதவி எண். உடனடி ஆபத்து என்றால் 112. பாலியல் குற்றம் என்றால் உள்ளூர் காவல் நிலையம் அல்லது சிறப்புச் சிறார் காவல் பிரிவு. தமிழ்நாட்டில் நடைமுறையில் இது அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்குத்தான் போகும். பராமரிப்பின்மை, கைவிடல், வேலைக்கு அனுப்புதல் போன்றவற்றை மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவிடமும் சொல்லலாம்.

பாலியல் குற்றத்தில் சொல்வதா வேண்டாமா என்ற யோசனைக்கே இடமில்லை. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் 2012, பிரிவு 19-இன்படி குற்றம் நடந்தது தெரிந்தாலோ, நடக்கக்கூடும் என்ற அச்சம் இருந்தாலோ தெரிவித்தே ஆக வேண்டும். தவறினால் பிரிவு 21-இன்கீழ் 6 மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். நிறுவனப் பொறுப்பில் இருப்பவர் தன் கீழ் வேலை செய்பவரைப் பற்றி மறைத்தால் சிறை ஓராண்டு வரை போகும். நல்லெண்ணத்தோடு தகவல் கொடுத்தவர்மேல் சிவில், கிரிமினல் எந்தப் பொறுப்பும் வராது என்று 19(7) சொல்கிறது. புகார் கடைசியில் நிரூபணமாகாமல் போவதும், பொய்ப் புகாரும் ஒன்றல்ல. பிரிவு 22 தண்டிப்பது, அவமானப்படுத்தவோ மிரட்டவோ பணம் பறிக்கவோ அவதூறு செய்யவோ மட்டுமே கொடுத்த பொய்ப் புகாரை.

இதில் ஆசிரியர்கள் அடிக்கடி வழுக்குகிறார்கள். 'தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டேன்' என்று நிம்மதியாகிவிடுகிறார்கள். ஓர் ஊழியரைப் பற்றி அவர்மேல் அதிகாரம் உள்ளவரிடம் நல்லெண்ணத்தோடு முறையிடுவது அவதூறு ஆகாதுதான். அவதூறைப் பற்றிய பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 356-இன் எட்டாவது விதிவிலக்கு அதைக் காக்கிறது. ஆனால் போக்சோ கடமை அதோடு தீராது. காவல்துறைக்குத் தகவல் போக வேண்டும். பாலியல் அல்லாத அடி, உதை, பட்டினிக்கு 19(7) பொருந்தாது. அங்கே உங்கள் கேடயம் இந்த எட்டாவது விதிவிலக்குதான். அதனால் கவனம் இன்னும் கூடுதலாக வேண்டும்.

காவல் நிலையத்தில் வாய்மொழியாகச் சொன்னாலும் எழுதிக்கொள்ள வேண்டும், பதிவு எண் இட வேண்டும், உங்களுக்கு வாசித்துக் காட்ட வேண்டும். வாசிக்கும்போது 'சந்தேகிக்கிறேன்' என்றது 'செய்தார்' என்று மாறியிருந்தால் அங்கேயே திருத்தச் சொல்லுங்கள். எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம். பதிவு செய்ய மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு எழுத்துமூலம் தபாலில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். பாலியல் குற்றத் தகவலைப் பதிவு செய்யாமல் விடும் அதிகாரிக்கும் அதே போக்சோ பிரிவு 21 உண்டு.

இனி வாட்ஸ்அப். அவதூறு நிரூபணமானால் 2 ஆண்டு வரை வெறுங்காவல் (கடின வேலை இல்லாத சிறை), அபராதம், அல்லது இரண்டும், அல்லது சமூக சேவை. பேச்சுரிமைக்கு இது முரண் என்ற வாதத்தை 2016-இல் சுப்பிரமணியன் சுவாமி வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. பெயர் போடாமல் 'மூன்றாவது மாடி, நீலக் கார்' என்று எழுதினாலும் ஆள் யாரென்று தெரிந்தால் போதும். ஃபார்வர்டு செய்தவரும் தப்ப முடியாது. உண்மை என்பது மட்டும் கிரிமினல் வழக்கில் போதாது. வெளியிட்டது பொது நன்மைக்காக என்றும் காட்ட வேண்டும்.

அதைவிடப் பெரிய பொறி, எழுதியது முழு உண்மையாக இருந்தாலும் விழக்கூடியது: குழந்தையின் அடையாளம். பெயர், படம், முகவரி, பள்ளி, குடும்ப விவரம் எதுவும் வெளிவரக் கூடாது. போக்சோ பிரிவு 23-இல் குறைந்தபட்சம் 6 மாதம், ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். சிறார் நீதிச் சட்டம் பிரிவு 74-இல் 6 மாதம் வரை சிறை, 2 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். பெற்றோர் சம்மதித்தார்கள் என்பது பதிலாகாது. போக்சோ வழக்கில் அனுமதி தரக்கூடியது சிறப்பு நீதிமன்றம்தான். பள்ளிப் பெயரும் ஆசிரியர் பெயரும் வகுப்பும் ஒரே பதிவில் இருந்தால், குழந்தை யாரென்று ஊரே கண்டுபிடித்துவிடும்.

அப்படியானால் வெளியில் பேசவே கூடாதா? பேசலாம். நபரை விட்டு நடைமுறையைப் பேசுங்கள்: எந்தத் தேதியில் புகார் போனது, இத்தனை நாளாகியும் என்ன நடக்கவில்லை, எந்த விதி மீறப்பட்டது. 1994-இல் ராஜகோபால் எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில், நக்கீரன் ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை வெளியிடுவது தொடர்பாக, அரசும் உள்ளாட்சி அமைப்புகளும் அவதூறுக்காக நஷ்டஈடு கேட்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே தீர்ப்பில், பாலியல் வன்முறைக்கோ கடத்தலுக்கோ ஆளான பெண்ணின் பெயரை வெளியிடக் கூடாது என்றும் சொன்னது. தனியார் பள்ளிக்கு இந்தத் தடை கிடையாது. அது வழக்குப் போடலாம்.

வக்கீல் நோட்டீஸ் வந்தால் பதற வேண்டாம். நோட்டீஸ் என்பது வழக்கல்ல. பதிவை அவசரமாக அழிக்காதீர்கள், கோபத்தில் பதில் எழுதாதீர்கள். எழுதிய தாள், பதிவு எண், அழைப்பு விவரம் இவற்றோடு வழக்கறிஞரைப் பாருங்கள். சிவில் வழக்குக்கு வெளியிட்ட நாளிலிருந்து ஓராண்டு, கிரிமினல் புகாருக்கு மூன்றாண்டு காலவரம்பு. தேதியை முதலில் சரிபாருங்கள். மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச வழக்கறிஞர் கிடைப்பார். மற்றவர்களில் பலர் வருமானச் சான்று கொண்டுபோக வேண்டும்.